ஓப்பன் சோர்ஸில் புதிதாக இறங்கப் போகிறேன், எங்கே கை வைக்கலாம்?

பெகு_பையன்

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல, பெகுவில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் படிச்சு சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவேன். ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேணும்னாலும் கோடைப் பார்த்து மாத்திக்கலாம்ங்கிற மென்பொருள் எதிலாவது என் பங்குக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை.

கோடு பகிர்ற கிட்ஹப் தளத்தில், புதுசா வர்றவங்களுக்கு ஏத்த வேலைன்னு காட்டுற 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிள் போட்டுத் தேடினா பட்டியல் நீளமா வருது. ஆனா எதைத் திறந்தாலும் எனக்கு முன்னாடியே நாலஞ்சு பேர் "எனக்குக் கொடுங்க"ன்னு எழுதிட்டுக் காத்திருக்காங்க. இங்கே கரண்டும் நெட்டும் எப்ப வரும் எப்ப போகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேட்டா போடுற காசும் கையைக் கடிக்குது.

தமிழ், பர்மிய மொழி ரெண்டும் நல்லா எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் படிச்சாப் புரியும், எழுதத்தான் தயக்கம். அனுபவம் இருக்கிறவங்க வழி சொல்லுங்க.

சூலேக்காரன்

தம்பி, அந்த லேபிள் பட்டியலை மூடி வச்சிடு. உலகத்துல புதுசா வர்ற எல்லாரும் நேரா அங்கேதான் போறாங்க.

நீ தினமும் என்னென்ன மென்பொருள் பயன்படுத்துறே? போன்ல, கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எல்லாம் இங்கே எழுது. அதுல ஒண்ணாவது உன்னை எரிச்சல் படுத்தியிருக்கும். தமிழ் எழுத்து உடையுது, பர்மிய எழுத்து கட்டம் கட்டமா வருது, தேடினா கிடைக்கலை, இப்படி ஏதாவது. அதுதான் உன்னோட முதல் இஷ்யூ, அதாவது அந்த மென்பொருளை எழுதினவங்களுக்கு நீ எழுதிப் போடுற பிழைக் குறிப்பு.

ஒரு பக்கை (பிழையை) சரி பண்றதுல பாதி வேலை, அதைத் திரும்ப வரவழைச்சுக் காட்டுறது. உனக்கே வந்த பக்குன்னா அந்தப் பாதி முடிஞ்சாச்சு. வேற நாட்டுல யாரோ எழுதி வச்ச இஷ்யூவை எடுத்தா, அவர் என்ன சொல்ல வர்றார்னு பிடிபடவே உன் டேட்டா தீர்ந்துடும்.

தாட்டோன்_தமிழன்

குறுக்கே பேசுறேன்னு நினைக்காதீங்க. இன்னிக்கு அரிசி, எண்ணெய் விக்கிற விலையில, நாள் முழுக்கக் கடையில நின்னுட்டு வர்ற பையனை இலவசமா உழைக்கச் சொல்றது எனக்குச் சரியாப் படலை. அந்த புரோகிராம் கோடை வச்சுச் சம்பாதிக்கிறது பெரிய பெரிய கம்பெனிங்க. 2014ல், வெப்சைட்டுக்குப் போய் வர்ற தகவலைப் பூட்டிக் காக்குற ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தப்பதான், இத்தனை வெப்சைட் நம்பியிருக்கிற ஒரு மென்பொருளைக் கொஞ்ச பேர்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சது. அந்த நேரத்தை ஃப்ரீலான்ஸ் வேலைக்குக் கொடுத்தா வீட்டுக்காவது ஆகும்.

மோல்மேன்_மலர்

தாட்டோன் அண்ணே, கேள்வி நியாயமானது. வீட்டுக்குப் பணம் உடனே வேணும்னா ஃப்ரீலான்ஸ்தான், அதுல ரெண்டு பேச்சு இல்லை. தம்பி அதைக் கேட்கலை, ஆனாலும் சொல்லிடுறேன்.

பணம் கொடுக்கிற திட்டங்களும் இருக்கு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005ல் மாணவர்களுக்காகத் தொடங்கினது. 2022லிருந்து 18 வயசு நிறைஞ்ச, ஓப்பன் சோர்ஸுக்குப் புதுசான யாரும் விண்ணப்பிக்கலாம், காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருக்கணும்னு இல்லை. அவுட்ரீச்சி மூணு மாசம் உதவித்தொகையோட வேலை கொடுக்குது. ஆனா அதுல ஆள் எடுக்கிறதே, விண்ணப்பக் காலத்துல அந்த புராஜெக்டுக்கு என்ன செஞ்சு கொடுத்தேங்கிறதை வச்சுத்தான். அதனால எந்த வழியில போனாலும் முதல் சின்ன வேலை ஒண்ணு கையில இருக்கணும். விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி, பர்மாவுல இருக்கிறவங்களுக்கு அந்தப் பணம் எப்படி வந்து சேரும்னு விதிமுறைப் பக்கத்தைப் படிச்சு, எழுதியும் கேட்டுக்கோங்க.

நான் செய்யுறது மொழிபெயர்ப்பு. லிப்ரேஆஃபீஸுக்கு வெப்லேட், ஃபயர்பாக்ஸுக்கு பான்டூன், விக்கிப்பீடியா ஓடுற மீடியாவிக்கிக்கு டிரான்ஸ்லேட்விக்கி. இந்த மூணு மொழிபெயர்ப்புத் தளத்துலயும் வேலை பிரவுசர்லயே நடக்கும். டேட்டா கொஞ்சம்தான் போகும், பாதியில விட்டுட்டு அப்புறம் வந்தும் தொடரலாம்.

இதைக் கோடு தெரியாதவங்க வேலைன்னு தள்ளாதீங்க. "3 கோப்புகள் அழிக்கப்பட்டன"ன்னு ஒரு வரி வருதுன்னு வைங்க. இங்கிலீஷ் மாதிரியே தமிழுக்கும் ஒருமை ஒண்ணு, பன்மை ஒண்ணுன்னு ரெண்டு வடிவம் கேட்கும். பர்மிய மொழிக்கு ஒரே வடிவம்தான். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவா குறியீட்டு எண் கொடுக்கிற யூனிகோட் அமைப்போட சிஎல்டிஆர்ங்கிற மொழித் தரவுல மொழிவாரியா இந்த விதி இருக்கு. ஆனா கோடு எழுதினவர், எண் 1 ஆ இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு, கடைசியில ஒரு 'எஸ்' ஒட்டி வாக்கியத்தை முடிச்சிருப்பார். தமிழ்ல "கோப்பு"க்குப் பின்னாடி 'எஸ்' வந்து உட்காரும். இதை முதல்ல பார்க்கிறது மொழிபெயர்க்கிற நாமதான். அங்கேயிருந்து ஒரு இஷ்யூ, அந்த இஷ்யூவிலிருந்து ஒரு பேட்ச் (கோடுத் திருத்தம்). நிறைய பேர் கோடுக்குள்ள வந்தது இந்த வழியாத்தான்.

ஞாயிறு_வாத்தியார்

கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு புரோகிராமிங் தெரியாது. பெரிய பிள்ளைகள் சிலர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள், பேச்சு நன்றாக வருகிறது. அவர்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

மோல்மேன்_மலர்

உண்டுங்க வாத்தியார். மொசில்லாவோட காமன் வாய்ஸ். 2017ல் ஆரம்பிச்சது. திரையில வர்ற வாக்கியத்தை வாசிச்சுப் பதிவு பண்ணணும், மத்தவங்க வாசிச்சதைக் கேட்டுச் சரியா இல்லையான்னு குறிக்கணும். அந்தக் குரல் தரவை யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். தமிழ் அதுல இருக்கு. நம்ம ஊர்ப் பேச்சு அதுக்குள்ள போறது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். நாம பேசுற தமிழைக் கேட்டே பழகாத மென்பொருள், நாளைக்கு நம்ம பிள்ளைங்க பேசுறதைத் தப்பாத்தான் எழுதும். சின்னப் பிள்ளைங்கன்னா பெத்தவங்க சம்மதம் வாங்கிடுங்க.

பெகு_பையன்

சூலே அண்ணே, நீங்க கேட்டபடி எழுதிப் பார்த்தேன். லிப்ரேஆஃபீஸ், விஎல்சி, ஃபயர்பாக்ஸ், அப்புறம் குறிப்பு எழுதி வைக்கிற ஆப் ஒண்ணு. இந்தக் குறிப்பு ஆப்தான் எனக்குத் தலைவலி. கடைக்கு வர்ற போனோட விவரத்தை வாடிக்கையாளர் பேர் போட்டு எழுதி வைப்பேன். கடைக் கம்ப்யூட்டர்ல எழுதினதை என் போன்ல தேடினா, சில பேர் மட்டும் கிடைக்க மாட்டேங்குது. மாரியப்பன் கிடைக்குது, முத்தம்மா கிடைக்குது. கோவிந்தன் கிடைக்கலை, சொர்ணம் கிடைக்கலை. கண்ணால பார்த்தா எழுத்துல ஒரு வித்தியாசமும் இல்லை. கம்ப்யூட்டர்லயே தேடினா கிடைக்குது. இதைப் போய் இஷ்யூன்னு எழுதலாமா?

சூலேக்காரன்

தம்பி, இதைவிட நல்ல முதல் இஷ்யூ உனக்கு யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. விளக்கமாவே சொல்றேன், கொஞ்சம் நீளும்.

கிடைக்காத பேரைப் பாரு. கோவிந்தன், சொர்ணம். ரெண்டுலயும் முன்னாடி கொம்பு, பின்னாடி கால். கிடைக்கிற பேர் ரெண்டுலயும் அப்படி எழுத்து இல்லை.

'கோ' என்கிற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமாச் சேமிக்கலாம். ஒண்ணு, 'க'வுக்கு அப்புறம் ஓகாரக் குறி மொத்தமா ஒரே குறியீடா வரும். இன்னொண்ணு, 'க'வுக்கு அப்புறம் இரட்டைக்கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடுன்னு தனித்தனியா வரும். திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணாத்தான் தெரியும். 'கொ', 'கௌ' வரிசைக்கும் இதே கதைதான். சில கீபோர்டுல கொம்பையும் காலையும் தனித்தனியா அடிக்க முடியும், பழைய ஃபான்ட்ல இருந்து மாத்தின பக்கத்துலயும் இப்படி வரும். உன் கடைக் கம்ப்யூட்டர் கீபோர்டு ஒரு விதமா எழுதுது, போன் கீபோர்டு இன்னொரு விதமா எழுதுதுன்னு நினைக்கிறேன். ஆப் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடுறதால "இல்லை"ங்குது.

இந்த ரெண்டு வடிவமும் சமம்னு யூனிகோட் தரமே சொல்லுது. ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்றதுக்கு என்எஃப்சின்னு ஒரு முறையும் வச்சிருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல 'நார்மலைஸ்'னு ஒரு ஃபங்ஷன், பைத்தான்ல 'யூனிகோட்டேட்டா' மாடியூலுக்குள்ள அதே பேர்ல ஒண்ணு. தேடுற சொல்லையும், தேடப்படுற குறிப்பையும் ஒப்பிடுறதுக்கு முன்னாடி அந்த ஃபங்ஷனுக்குள்ள விட்டு எடுத்தாப் போதும். சேமிச்சு வச்ச குறிப்பை மாத்தி எழுத வேண்டாம், ஒப்பிடும்போது மட்டும் செஞ்சாச் சரி. அடுத்தவங்க எழுதி வச்சதை நம்ம பேட்ச் தொடுதுன்னா ஆப்பைப் பராமரிக்கிற மெயின்டெய்னர் தயங்குவார், அவர் தயங்குறதும் சரிதான்.

இந்த மாதிரி பக் நம்ம கண்ணுக்குச் சீக்கிரம் தெரியுறதுக்குக் காரணம் இருக்கு. பர்மாவுல வளர்ந்தவங்க ஜோஜிங்கிற பழைய பர்மிய ஃபான்ட்ல இருந்து யூனிகோடுக்கு மாறின கஷ்டத்தை நேர்ல பார்த்தவங்க. பர்மிய எழுத்துலயும் மெய்க்கு முன்னாடி நிக்கிற ஏகாரக் குறி உண்டு, நம்ம கொம்பு மாதிரியே. ஜோஜி ஃபான்ட்ல கண்ணுக்குத் தெரியுற வரிசையில அதை முதல்ல அடிச்சுச் சேமிப்போம், யூனிகோட்ல மெய்க்கு அப்புறம் வரும். 2019 அக்டோபர் 1 அன்னிக்கு நாடே யூனிகோடுக்கு மாறுதுன்னு அறிவிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எழுதின கடைக் கணக்கும் பழைய குறிப்பும் இன்னும் ஜோஜியிலதான் கிடக்கு. எது ஜோஜி, எது யூனிகோட்னு கண்டுபிடிக்கிறதுக்கு கூகுள் வெளியிட்ட 'மியான்மர் டூல்ஸ்', மாத்திக் கொடுக்கிற 'ராபிட்', ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். உள்ளே புகுந்து படிச்சுப் பாரு. பாரிஸ்லயோ டோக்கியோவிலயோ உட்கார்ந்து அந்த ஆப்பை எழுதினவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறதே தெரிய வாய்ப்பில்லை. சொல்ல வேண்டியவன் நீதான்.

இப்ப செய்ய வேண்டியது: அந்த ஆப்போட இஷ்யூ பட்டியல்ல இதை யாராவது ஏற்கெனவே எழுதியிருக்காங்களான்னு தேடு. இல்லைன்னா நீ எழுது.

இன்செயின்_ராஜா

நெட் விஷயத்துக்கு நான் சொல்றேன், தினமும் இதோட மல்லுக்கட்டுறவன்.

கோடுல செய்யுற மாற்றத்தை எல்லாம் பதிவு பண்ணி வைக்கிற கிட், நம்ம ஊருக்கே செஞ்ச மாதிரி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதினது. முழு வரலாறும் உன் மெஷின்லயே இருக்கும். கமிட் (மாத்தினதைப் பதிவு பண்றது), பிராஞ்ச் (தனிக் கிளை போடுறது), பழைய கோடைப் பார்க்கிறது எதுக்கும் நெட் வேண்டாம். முதல் தடவை குளோன் பண்றது, அதாவது மொத்தத்தையும் இறக்குறதுதான் சிரமம். பாதியில நெட் போச்சுன்னா விட்ட இடத்துல இருந்து தொடராது, முதல்ல இருந்து இறக்கணும். அதனால 'டெப்த் 1' போட்டுக் கடைசி கமிட்டை மட்டும் எடு. வரலாறு வேணும்னா நெட் நல்லா இருக்கிற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஆழத்தைக் கூட்டிக்கலாம். யாங்கோன்ல நல்ல நெட் இருக்கிற நண்பர் இருந்தா அவர்கிட்ட முழுசா குளோன் பண்ணச் சொல்லி, 'கிட் பண்டில்' கட்டளையால ஒரே ஃபைலா கட்டி பென்டிரைவ்ல வாங்கிக்கோ. அதுல இருந்து குளோன் பண்ணிட்டு, ரிமோட் முகவரியை மட்டும் கிட்ஹப்புக்கு மாத்திக்கிட்டாப் போதும்.

இஷ்யூ பக்கங்களையும், எப்படிப் பங்களிக்கணும்னு சொல்ற கான்ட்ரிபியூட்டிங் ஃபைலையும் நெட் இருக்கும்போதே சேமிச்சு வை. கரண்டு இல்லாத நேரம் படிக்கிற நேரம்.

பேர் விஷயம் ஒண்ணு. நம்மள்ல நிறைய பேருக்கு அடையாள அட்டையில பர்மியப் பேர், வீட்டுல தமிழ்ப் பேர். கிட்ல எதைப் போடுறதுன்னு முதல் கமிட்டுக்கு முன்னாடியே முடிவு பண்ணு. கமிட்ல போற பேரும் ஈமெயிலும் வரலாற்றுல நிரந்தரமாத் தங்கும், யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஈமெயிலை மறைக்க கிட்ஹப் செட்டிங்ஸ்ல ஒரு மாற்று முகவரி கொடுக்கும், அதைப் பயன்படுத்து. பட்டப்பேர்ல எழுதுறதுல பெரும்பாலான புராஜெக்ட்டுக்கு ஆட்சேபம் இல்லை. ரொம்பக் கறாரா இருந்த லினக்ஸ் கெர்னல்லயே 'உண்மைப் பேர்'னு இருந்த விதியை 2023ல் 'அறியப்பட்ட அடையாளம்'னு தளர்த்திட்டாங்க. எது போட்டாலும் எல்லா இடத்துலயும் அதையே போடு.

தாட்டோன்_தமிழன்

ராஜா சொன்ன பேர் விஷயம் நல்ல தகவல். இன்னொண்ணு கேட்கிறேன். இங்கிலீஷ் எழுதத் தயக்கம்னு தம்பி சொன்னானே, சாட்பாட்கிட்ட கொடுத்தா இஷ்யூவும் எழுதும், பேட்சும் எழுதும். அப்படியே அனுப்பிட்டா என்ன?

மோல்மேன்_மலர்

இலக்கணம் திருத்திக்கட்டும், சொல் தேடிக்கட்டும், அதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா தனக்குப் புரியாத ஒரு வரியைக்கூட அனுப்பக் கூடாது, இதுல நான் கண்டிப்பாத்தான் இருப்பேன்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறவர் பெரும்பாலும் சொந்த நேரத்தைக் கொடுத்துப் படிக்கிறவர். ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிச்சா டிஷர்ட் தர்ற 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல, அந்த டிஷர்ட்டுக்காக ரீட்மீங்கிற அறிமுக ஃபைல்ல ஒரு சொல்லை மாத்தி மாத்தி அனுப்பின புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கோங்கன்னு அனுப்புற கோரிக்கை) குவிஞ்சுபோய், விருப்பம் சொன்ன ரெப்போ (புராஜெக்ட்) மட்டும்தான் கணக்குல வரும்னு அக்டோபர் தொடங்கின சில நாள்லயே விதியை மாத்தினாங்க. நெட்ல தரவு அனுப்பி வாங்க உதவுற கர்ல் திட்டத்தை நடத்துற டேனியல் ஸ்டென்பர்க், ஏஐ எழுதின பொய்யான பாதுகாப்புப் புகார்களைப் படிச்சே நேரம் வீணாகுதுன்னு வெளிப்படையாவே எழுதியிருக்கார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2024 மார்ச்ல, ஃபைலைச் சுருக்குற எக்ஸ்இசட் மென்பொருள்ல பின்வாசல் (திருட்டுத்தனமா உள்ளே நுழையுற வழி) வச்சது வெளிவந்துச்சு. ஒரு ஆள் ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்ல பேட்ச் அனுப்பி நம்பிக்கை சம்பாதிச்சு, களைச்சுப் போயிருந்த ஒரே மெயின்டெய்னர்கிட்ட இருந்து பொறுப்பை வாங்கித்தான் அதைச் செஞ்சது. எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற புரோகிராமர் துருவிப் பார்த்ததாலதான் அது பிடிபட்டது. அதனால புது ஆளை மெயின்டெய்னர் கேள்வி மேல கேள்வி கேட்டா மனசு சங்கடப்படக் கூடாது. நாலு எளிய வாக்கியம் தம்பி சொந்தமா எழுதினா போதும், தப்பு இருந்தாலும் பரவாயில்லை.

பெகு_பையன்

தேடிப் பார்த்தேன், யாரும் எழுதலை. நான் எழுதினதைத் தமிழ்ல போடுறேன், திருத்திச் சொல்லுங்க:

"வணக்கம். உங்கள் ஆப் மிக நன்றாக இருக்கிறது. தமிழில் தேடல் வேலை செய்யவில்லை. தயவுசெய்து விரைவில் சரி செய்யவும்."

சூலேக்காரன்

மரியாதையா இருக்கு. ஆனா இதை வச்சு அவர் எதையும் தேட முடியாது. "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை"ன்னா எல்லாச் சொல்லும் கிடைக்கலைன்னு அர்த்தம் ஆகும். மாரியப்பன் கிடைக்குதுன்னு நீதானே சொன்னே. "விரைவில்" வேண்டாம், எடுத்துடு. இப்படி மாத்து:

"தலைப்பு: ஒரே தமிழ்ச் சொல் இரண்டு யூனிகோட் வடிவங்களில் இருந்தால் தேடலில் கிடைப்பதில்லை.

செய்தது: கம்ப்யூட்டரில் 'கோவிந்தன்' என்று ஒரு குறிப்பு எழுதினேன். போனில் அதே சொல்லைத் தேடினேன். எதிர்பார்த்தது: அந்தக் குறிப்பு வர வேண்டும். நடந்தது: 'ஒன்றும் இல்லை' என்று வருகிறது. 'மாரியப்பன்' கிடைக்கிறது. ஓகாரக் குறி ஒரு இடத்தில் ஒரே குறியீடாகவும் இன்னொரு இடத்தில் இரண்டாகவும் இருப்பது காரணம் என்று நினைக்கிறேன். தேடும் முன் இரண்டையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் சரியாகலாம். நீங்கள் சம்மதித்தால் பேட்ச் அனுப்புகிறேன்."

கீழே ஆப் வெர்ஷன், போன் ஆண்ட்ராய்டு வெர்ஷன், ரெண்டு இடத்துலயும் எந்தக் கீபோர்டுன்னு எழுது. ரெண்டு வடிவத்தையும் குறியீட்டு எண்ணோட போடு. எண் எடுக்க பைத்தான்ல ரெண்டு வரி போதும், உனக்கே தெரியும். காரணம் நான் சொன்னதுன்னு நம்பி எழுதாதே, எண்ணை எடுத்துப் பார்த்து உறுதி பண்ணிட்டு எழுது.

பெகு_பையன்

எண் எடுத்துப் பார்த்தேன் அண்ணே. நீங்க சொன்ன மாதிரியேதான், கம்ப்யூட்டர்ல எழுதினதுல கொம்பும் காலும் தனித்தனி. அப்படியே இங்கிலீஷ்ல எழுதிப் போட்டுட்டேன்.

பெகு_பையன்

பதில் வந்துடுச்சு! "நல்ல விளக்கம், பேட்ச் அனுப்பு, கூடவே டெஸ்ட் ஒண்ணும் வேணும்"னு எழுதியிருக்கார். கோடு மாத்திட்டேன், என் மெஷின்ல கோவிந்தனும் சொர்ணமும் கிடைக்குது. டெஸ்ட், அதாவது கோடு சரியா வேலை செய்யுதான்னு தானாச் சோதிக்கிற கோடு, நான் எழுதினதில்லை. ரெண்டு 'கோ'வையும் டெஸ்ட் ஃபைல்ல எழுதி ஒப்பிட்டாப் போதுமா?

சூலேக்காரன்

ரொம்ப சந்தோஷம் தம்பி.

எழுத்தா எழுதாதே. ரிவ்யூ பண்றவர் கண்ணுக்கு ரெண்டு 'கோ'வும் ஒண்ணாத் தெரியும், எதை எதோட ஒப்பிடுறேன்னு அவருக்குப் புரியாது. சில எடிட்டர் ஃபார்மேட் பண்ணும்போதோ, நீ காப்பி பேஸ்ட் பண்ணும்போதோ ஒண்ணை இன்னொண்ணா மாத்தியும் விடலாம். அப்புறம் உன் டெஸ்ட் எதையும் சோதிக்காமலே பாஸ் ஆகும். ரெண்டையும் எஸ்கேப் வடிவத்துல, குறியீட்டு எண்ணாவே எழுது. மேலே ஒரு வரி கமென்ட்ல இது தமிழ் 'கோ'ன்னு சொல்லிடு. முதல்ல உன் திருத்தத்தை எடுத்துட்டு டெஸ்ட்டை ஓட்டு, ஃபெயில் ஆகணும். திரும்பப் போட்டு ஓட்டு, பாஸ் ஆகணும். 'கொ', 'கௌ' ரெண்டுக்கும் இதே மாதிரி ஒவ்வொண்ணு சேர்த்துடு.

அனுப்புறதுக்கு முன்னாடி மெயின் பிராஞ்ச்ல புதுசா ஏதாவது வந்திருக்கான்னு பார்த்து ரீபேஸ் பண்ணிடு (உன் மாற்றத்தை அதுக்கு மேல வச்சிடு). கமிட் செய்தியில இஷ்யூ எண்ணைப் போடு. இன்னிக்கு எங்க பக்கம் பத்து மணி வரைக்கும் கரண்டு இருக்கும், எங்கேயாவது மாட்டிக்கிட்டா எரர் செய்தியை அப்படியே இங்கே போடு.